நீலத்தில் மூன்று புள்ளிகள்

இரவு பதினொன்றே முக்காலுக்குத்
தக்கலையில் மழை விட்டிருந்தது.
ஊர் கூடி வரையும் வரைபடம் அது.
யாரும் வரையலாம்,
என்னைப் போல் சிலர் அழிக்கலாம்.
சம்பளம் கிடையாது.
வங்கியில் காட்டாத கண்டிப்பை
அங்கே காட்டுவேன்.

அன்றைக்குச் சிக்கியது
குளச்சலுக்குத் தெற்கே, வெறும் நீலத்தில்
மூன்று புள்ளிகள்.
கோழிப்பார். மச்சினன்பார்.
மூன்றாவதன் பெயர் பாதியில் நின்றிருந்தது: சவே.
சாலை இல்லை, வீடு இல்லை, கதவெண் இல்லை.
போட்டவர் பெயர் பெனோ77.
கணக்குத் தொடங்கி ஒரு மணி நேரம்.

காரணப் பட்டியலில்
'ஆதாரம் இல்லை' என்று ஒன்று உண்டு.
அதற்குக் கீழே 'விஷமம்'.
விரல் கீழே இருந்ததைத் தொட்டது.
நீலம் மறுபடியும் சுத்தமானது.
பல் தேய்த்துவிட்டுப் படுத்தேன்.

ஒன்பதாம் நாள்
குளச்சலில் கடன் விசாரணை.
வள்ளத்துக்கு இஞ்சின் வாங்க
ஒன்றரை லட்சம் கேட்டிருந்தார் சிலுவைதாசன்.
படிவத்தில் ஏழாவது கட்டம்: தொழில் செய்யும் இடம்.
எல்லோரும் கடல் என்பார்கள்.
அவர் வாய் திறக்கும் முன்பே
'க' எழுதிவிட்டேன்.

அவர் சொன்னார்: கோழிப்பார்.

கோவுக்கு முன்னால் கொம்பு வேண்டும்.
கட்டத்தின் விளிம்பை ஒட்டி எழுதியிருந்தேன்.
கொம்புக்கு இடம் விடவில்லை.

எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.
"முட்டம் வெளக்கு தென்னைக்க மேல ஏறணும்.
வேளிமலைக்க மூக்கு நம்ம கோயில் சிலுவைக்கு
நேரா வந்து நிக்கணும்.
ரெண்டும் ஒத்தா கல்லைப் போடலாம்.
பதினெட்டு பாகம். கீழ பாறையாக்கும்.
நீங்க பாத்திருக்க மாட்டிய."

பார்த்திருக்கிறேன்.
இருபது விநாடி.

கடனுக்குப் பரிந்துரைத்தேன், அது வேறு கணக்கு.
இரவு, பழைய திருத்தங்களைத் திறந்து
ஒவ்வொன்றாகப் படித்தேன்.
கோழிப்பாரை நான்கு முறை நகர்த்தியிருந்தார்.
கொஞ்சம் தெற்கே. கொஞ்சம் மேற்கே.
திரும்பவும் ஒரு மயிரிழை தெற்கே.
நாற்பது நிமிடம் ஒரு புள்ளிக்கு.
கீழே குறிப்பு:
'இன்னும் கொறச்சு உண்டு. அப்பாகிட்ட கேட்டுட்டு போடுறேன்.'
அதற்கு இரண்டு நிமிடம் கழித்து
என் பெயர். பக்கத்தில்
விஷமம்.

மீட்க ஒரு பொத்தான் போதும்.
மூன்று புள்ளிகளும் வந்தன.
அவர் வரவில்லை.

மன்னிப்பு எழுதிப் பார்த்தேன்.
முதலாவது வங்கிச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது.
இரண்டாவதில் நானே நிறைய இருந்தேன்.
கடைசியில் அனுப்பியது:
'தப்பு என்னுடையது. சவே என்பது எந்தப் பார்?'

பதில் இல்லை.
மீன் பட்டிருக்கலாம், பரீட்சை இருக்கலாம்,
போன் தண்ணீரில் விழுந்திருக்கலாம்.
இப்படிப் பட்டியல் போடுவது
எனக்கு எளிது.
சிலுவைதாசனிடம் கேட்டால்
மிச்சத்தைச் சொல்லியிருப்பார்.
கேட்கவில்லை.
சவேக்குப் பிறகு வரும் எழுத்துகள்
பெனோ77 போட வேண்டியவை.
தினமும் போய்ப் பார்க்கிறேன்,
நீலத்தில் அப்படியே நிற்கிறது அரைப்பெயர்.
வேறொரு கண்காணிப்பாளர் கேட்டார்,
இது குப்பைதானே, எடுத்துவிடவா?
ஆள் இருக்கிறார் என்றேன்.

நேற்று யாரோ புதிதாக வந்து
பேச்சிப்பாறை அணையின் நடுத் தண்ணீரில்
டீக்கடை வைத்திருந்தார்.
சிரிப்பு வந்தது.
விரலும் போய்விட்டது, பழக்கம்.
இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்,
இது எந்தக் கடை?

உடனே வந்தது:
'கை தவறிட்டு. கடை உண்டு.
கரையில, பஸ் திரும்புற எடத்துல.
நீங்க அழிச்சிராதுங்க, நானே நகத்துறேன்.'

கடை மெல்ல நகர்ந்தது.
ஒரு தடவை தவறி, காட்டுக்குள் போய்த் திரும்பியது.
கரை ஏறும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.